சத்தம் போடாத வண்டி

நிலவன் ஹாரன் அடித்தது ஒரே ஒரு தடவைதான். வேப்பமரத்தடியில் நடுரோட்டில் படுத்திருந்த மாடு எழுந்திருக்கவில்லை. கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. பக்கத்தில் அண்ணன் இளவழகன் உட்கார்ந்திருந்தான். வண்டி நின்றதும் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, தம்பியின் கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறைக்கு நிலவனின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. சத்தம் வராமல் அடிக்கவும் இளவழகனுக்குத் தெரிந்திருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தத் தெருவில் அப்போதுதான் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அமிர்தம் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பார்க்காதவள் போல மறுபடியும் குனிந்துகொண்டாள்.

இளவழகன் கட்டிங் பிளேயரை எடுத்து ஹாரனுக்குப் போகும் ஒயரை வெட்டினான்.

"இனிமே இந்த வண்டிக்கு வாய் கெடையாது" என்றான் மெதுவாக. "ஒனக்கும் கெடையாது."

நிலவன் உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அதே தோளில் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். வெறுங்காலோடுதான். அண்ணனும் தம்பியும் டவுன்ஷிப்புக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிடுவார்கள். அதுவும் இளவழகன் போட்ட சட்டம்.

அவன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே ஓர் உதையில்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை போன பிறகு, விஜயராஜ் என்பவரின் தண்ணீர்க் கம்பெனியில் கேன் தூக்கினான். விஜயராஜ் பக்கத்து ஊர் நிலக்காரர். டவுன்ஷிப்பில் கேன் தண்ணீர் என்றால் அப்போதெல்லாம் அவர் வண்டிதான். ஒரு நாள் காலை, இளவழகன் ஒரு வீட்டின் பெல்லை அடித்தான். இரவு முழுக்கச் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டு வந்து, கண்ணை மூடிக் கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு மனிதன் கதவைத் திறந்தான். திறந்த வேகத்தில் அடிவயிற்றில் உதைத்தான். கேன் படியில் உருண்டு உடைந்தது. கீழே விழுந்தவனை அந்த ஆள் மறுபடியும் மறுபடியும் மிதித்தான். கண் முழுசாகத் திறக்காமலே மிதித்தான். விஷயம் தெரிந்தபோது விஜயராஜ் சிரித்தார். "தூங்கற சிங்கத்த ஏன்டா தட்டி எழுப்பற?"

விலா வலியோடு கிடந்த அந்த நாட்களில்தான் இளவழகனுக்குப் புத்தி விழித்தது. இது மூன்று ஷிப்டில் ஓடும் ஊர். எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும், ஏதோ சில வீடுகளில் ஆண்பிள்ளை பகலில் தூங்கிக்கொண்டிருப்பான். அவனை எழுப்பிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் பெண்டாட்டிக்கு அடி, பிள்ளைக்கு அடி, வாசலில் நிற்கிறவனுக்கும் அடி. எழுப்பாமல் தண்ணீர் போடுகிறவனுக்கு இந்த ஊர் தானாக வந்து சேரும்.

கடலூரில் தொழில்முனைவோருக்கு என்று ஒரு நாள் வகுப்பு நடந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், காலையில் எழுந்ததும் தியானம் செய்யுங்கள், நாளைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்றார். தியானத்தை இளவழகன் அங்கேயே விட்டுவிட்டான். துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்துக்கு வந்தான். சின்னதாக ஒரு சுத்திகரிப்பு மிஷின், தகரக் கொட்டகை, பழைய குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று. எந்த வீட்டில் இந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்டு என்று பெண்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். அவர்களுக்கு ஓர் ஏற்பாடு சொல்லிக்கொடுத்தான். வாசலில் காலி கேனை நிறுத்தி வைத்திருந்தால் பெல் அடிக்கலாம். படுக்கவைத்திருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார்; பெல் இல்லை, பேச்சு இல்லை, கேட்டைக்கூடத் தூக்கித்தான் திறக்க வேண்டும்.

தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிடுவார்கள். பின்கதவுச் சங்கிலிக்குத் துணி சுற்றியிருக்கும். எத்தனை கேன், எந்த வீடு என்பதெல்லாம் விரல் ஜாடைதான். பால்காரர் போன பிறகு நுழைந்து, பள்ளிக்கூட வேன் வருவதற்குள் அந்த வரிசையை, அவர்கள் பேச்சில் லைனை, முடிப்பார்கள். பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்: சத்தம் போடாத வண்டி. மூன்று வருடத்தில் விஜயராஜின் வாடிக்கைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தன.

அந்த அமைதி இளவழகனுக்குப் பிடித்தும்விட்டது. மரங்களுக்குக் கீழே, பேசாமல், தம்பியின் காலடியை மட்டும் கேட்டுக்கொண்டு நடக்கும் அந்தக் காலை நேரத்தில்தான் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதாக அவனுக்குத் தோன்றும். இந்தத் தொழில் யாருக்காக என்று கேட்டால் தம்பிக்காக என்றுதான் சொல்லுவான். அப்பா போன பிறகு அவன் தூக்கி வளர்த்த பிள்ளை நிலவன். சேத்தியாத்தோப்பிலிருந்து ஆதிலட்சுமியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவன்தான். இன்னொரு வண்டி வாங்கி அதை நிலவன் பேருக்கு எழுத வேண்டும், அதுவரை இவன் கெட்டுப்போகக் கூடாது. அடிப்பது அதற்காகத்தான் என்று அவன் நம்பினான். நிலவனும் அப்படித்தான் நம்புகிறான் என்று நினைத்துக்கொண்டான். கேட்டுப் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் விஜயராஜ் கொட்டகைக்கே வந்தார். கூடச் சின்னதுரையும் இன்னும் இரண்டு பேரும். சின்னதுரை ஒரு காலத்தில் இளவழகனோடு சேர்ந்து அவரிடம் கேன் தூக்கியவன்.

"இன்னாடா இளவழகா, கையில வாச்சு கட்டிக்கினா மொதலாளி ஆயிடுவியா?"

"வாச்சு மணி பாக்கறதுக்குங்க."

"ஓகோ. மணி பாக்கற சாதியாயிட்டியா நீ?"

கேன் கழுவிக்கொண்டிருந்த நிலவன் எழுந்தான். இளவழகன் கையை மட்டும் காட்டி அவனை நிறுத்தினான்.

"அந்தப் பிளாக்கு பூரா நான் போட்ட லைனு" என்றார் விஜயராஜ். "என் கேனைச் சொமந்துகினு திரிஞ்சவன் இன்னைக்கு எனக்கே தண்ணி காட்டற."

"அவங்க கூப்பிடறாங்க, போறேன். நீங்களும் பெல்லு அடிக்காம போடுங்க. ஒங்களையே கூப்பிடுவாங்க."

விஜயராஜ் சின்னதுரையைப் பார்த்தார். சின்னதுரை இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, சீல் வைத்து அடுக்கியிருந்த கேன்களில் ஒவ்வொன்றாகக் குத்தினான். அவசரமே இல்லை. ஒரு கேன் வழிந்து முடிவதைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனான். நிலவனால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். மற்ற இருவரும் நிலவனை ஈரத்தரையில் தள்ளி மாறி மாறி உதைத்தார்கள். இளவழகன் நடுவில் விழுந்து முதுகைக் கொடுத்தான்.

"நாளைக்கு அந்த நேரத்துக்கு ஒன்ன அங்கப் பாக்கக் கூடாது" என்றார் விஜயராஜ்.

தரையில் கிடந்தபடியே இளவழகன் சொன்னான். "நாளைக்கு அந்த நேரத்துக்கு அங்கதாங்க இருப்பேன்."

இருந்தான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இருந்தான். அவன் மனைவி அன்புக்கரசி சோறு போடும்போது ஒரு வழி சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு பத்து நாளைக்கு நேரத்த மாத்திப் போங்களேன். நீங்க எப்ப எந்த மரத்தடியில நிப்பீங்கன்னு நாய்க்குக்கூடத் தெரியும். அவனுக்குத் தெரியாதா?"

"மாத்தினா அந்தப் பொம்பளைங்க எனக்காகக் காத்துக்கினு கெடப்பாங்களா? படுத்திருக்கற கேனுக்கு என்ன அர்த்தம்? இந்த நேரத்துக்கு வருவான், எழுப்ப மாட்டான், அதான். அதுல பாதி போனாலும் நான் யாரு? இன்னொரு விஜயராஜு."

"விடுங்க அண்ணி" என்றான் நிலவன். "நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல."

ரெண்டு பேராக இல்லாத ஒரு நாள் வந்தது. பண்ருட்டிக்குப் போய் கேன் மூடிகளும் மோட்டாருக்கு ஒரு பாகமும் வாங்க வேண்டியிருந்தது. மத்தியானம் போயிருக்கலாம். ஆனால் மத்தியானம் கேன் கழுவும் நேரம். காலையில் தம்பி லைனுக்குப் போய், அண்ணன் பைக்கில் பண்ருட்டிக்குப் போனால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடியும். அப்படித் துண்டைத் துண்டோடு பொருத்திவிட்டால் இளவழகனுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தோடுதான் அன்று பைக்கை உதைத்தான்.

கடைக்காரர் மூடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அமிர்தம் பேசினாள். "நீங்க ஒடனே வாங்க" என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

அவன் வந்தபோது நிலவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தெருவில் ரத்தத்தின் மேல் யாரோ மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்கள். அமிர்தம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். உள்ளே அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பின்னாலேருந்து மூணு பேரு வந்தாங்க. இரும்புக் குழாய். மொத அடி முட்டிக்குப் பின்னால விழுந்திச்சு. தோள்ல கேன் இருந்திச்சுங்க. அதைக் கீழ விடல அவரு. ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா தரையில வெச்சாரு. வெச்சிட்டுத்தான் விழுந்தாரு. அப்புறம் மூஞ்சியில அடிச்சாங்க. கையக் குறுக்க வெச்சாரு, கையில அடிச்சாங்க. ஒரு சத்தம் இல்லீங்க. சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பாத்துக்கினு இருக்கேன், ஒரு சத்தம்கூட இல்ல."

"நீங்க கத்தியிருக்கலாமே" என்றான் இளவழகன்.

அமிர்தம் கேட்டின் கம்பியைப் பார்த்தாள்.

"மரம் மறைச்சுக்கினு இருந்திச்சு. அடிக்கற கை மட்டும்தான் தெரிஞ்சிச்சு. மூணு பேருன்னு தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றாள். "நீங்கதான் அடிக்கறீங்கன்னு நெனச்சேன்."

இளவழகன் திரும்பினான். தெரு முழுக்கப் பார்த்தான். நான்கைந்து வாசல்களில் கேன்கள் படுத்திருந்தன. அந்தக் கதவுகளுக்குப் பின்னால், நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கு நிற்கும் கைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நிலவன் விழுந்த இடத்திலிருந்து பக்கத்துக் கதவுக்குப் பத்தடி இருக்காது.

ஆஸ்பத்திரியில் நிலவனின் முகம் முகமாக இல்லை. ஒரு கண் மூடியே போயிருந்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆதிலட்சுமி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இளவழகன் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனான். பிறகு குனிந்து, தம்பியின் காதருகே கேட்டான்.

"ஏன்டா கத்தல? ஒரு கொரல் குடுத்திருந்தா தெருவே எழுந்து வந்திருக்குமேடா."

நிலவன் திறந்திருந்த கண்ணால் பார்த்தான். கட்டிய தாடைக்குள்ளிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக, எச்சிலும் ரத்தமுமாக வந்தன.

"நைட் ஷிப்டுண்ணே. எல்லாம் படுத்திருந்திச்சு."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் குற்றச்சாட்டு இல்லை. சரியாகத்தான் செய்தேன் என்று கணக்கு ஒப்படைக்கிற முகம். இளவழகனுக்கு வயிற்றுக்குள் அந்தப் பழைய உதை விழுந்தது போல இருந்தது. வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரில் வலது கையின் முட்டி உரியும்வரை குத்தினான். அவனாலும் கத்த முடியவில்லை.

மறுநாள் விஜயராஜ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"பசங்க கை மீறிட்டானுங்க இளவழகா. பயமுறுத்திட்டு வாங்கடான்னுதான் சொன்னேன்."

இளவழகன் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு நரம்பு துடித்தது.

"பாரு. கேசுன்னு போனா சின்னதுரை உள்ள போவான், வெளிய வருவான். நீ? வாய்தா வாய்தான்னு கோர்ட்டு வாசல்ல நிப்ப. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் போச்சு. அன்னைக்கு ஒன் லைனுக்கு யாரு போவா? வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு ஒன் தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தப் பிளாக்கு பக்கம் என் வண்டி இனிமே வராது. எழுதி வேணாலும் வாங்கிக்க."

"போங்க" என்றான் இளவழகன்.

விஜயராஜ் போய்விட்டார். சொற்கள் போகவில்லை. அன்று முழுக்க, ஒற்றை ஆளாகக் கேன் சுமக்கும்போது, அவை அவனோடு நடந்தன. சாட்சி சொல்ல ஒரு நாள். வக்கீலைப் பார்க்க ஒரு நாள். சின்னதுரையின் ஆட்கள் வாய்தா வாங்கிக்கொண்டே போனால் எத்தனை நாள். ஒரு நாள் தண்ணீர் போகாவிட்டால் அந்தப் பெண்கள் வேறு வண்டிக்குப் போன் செய்வார்கள். அப்புறம் தம்பிக்கென்று வைத்துக் காப்பாற்ற என்ன இருக்கும்? கோபம் ஒரு துண்டு, கேசு ஒரு துண்டு, லைன் ஒரு துண்டு என்று வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தான். எப்படி அடுக்கினாலும் கேசுக்கு இடமில்லை.

சாயங்காலம் அதை நிலவனிடம் சொன்னான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, லைன் போடுவதைப் போலவே நிதானமாகச் சொன்னான்.

"வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு. நான் யோசிச்சுத்தான் சொல்றேன். பிளாக்கு பூரா நமக்கு. ரெண்டாவது வண்டி வாங்கிடலாம்."

நிலவன் திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டான். ஆதிலட்சுமிதான் எழுந்தாள். கஞ்சி இருந்த எவர்சில்வர் டம்ளர் இளவழகனின் நெஞ்சில் வந்து விழுந்தது.

"வண்டியிலேருந்து விழுந்தா ரெண்டு எடத்துல கை ஒடையுமா மாமா? இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவன்னு விழுந்தாரா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது ஆதிலட்சுமி."

"தெரியாதுதான். இவரு ஒதடு கிழிஞ்சு வூட்டுக்கு வந்தப்போவும் வண்டிக் கதவு பட்டுடுச்சுன்னுதான் சொன்னாரு. அப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல."

வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தபோது இளவழகன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான். ஏட்டுக்கு அவசரம், பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "எப்படிப்பா ஆச்சு? விழுந்துட்டியா?"

"சின்னதுரை" என்றான் நிலவன். மூச்சு வாங்கியது. "கூட ரெண்டு பேரு. அனுப்பினது விஜயராஜு."

"சார், மருந்து மயக்கத்துல இருக்கான்..." என்று இளவழகன் குறுக்கே வந்தான். கை அவனை அறியாமல் மேலே எழுந்திருந்தது. தம்பியின் வாயைப் பொத்தவா, அடிக்கவா என்பது அவனுக்கே தெரியாது. நிலவன் அந்தக் கையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை.

"எங்க அண்ணன் அங்க இல்ல சார். அவருக்குத் தெரியாது. நான் சொல்றத எழுதுங்க."

கட்டிய தாடையோடு அவன் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. ஏட்டு இரண்டு முறை கொட்டாவி விட்டார். சொல்லி முடிப்பதற்கு முன்பே இளவழகனின் வாட்ச் அவனை இழுத்தது. கேன் நிரப்பும் நேரம். வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். நிலவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். ஆதிலட்சுமி புருஷனைச் சேத்தியாத்தோப்புக்குத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போய்க் கூப்பிட வேண்டும் என்று இளவழகன் நினைத்தான். அவசரமாகப் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிற காரியம் இல்லை அது. உட்கார வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினான். அடுத்த வாரமும் தள்ளினான்.

சின்னதுரையைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். விஜயராஜுக்கு முன்ஜாமீன் கிடைத்தது. அன்புக்கரசி மறுபடியும் நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

விஜயராஜின் ஆட்கள் இளவழகனுக்காக வந்தது ஒரு மழைக்காலக் காலையில். அதே தெரு, பால்காரர் போன பிறகு. ஈர இலைகளின் மேல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். காலடி கேட்டபோது நிலவன் என்றுதான் ஒரு நொடி நினைத்தான். திரும்புவதற்குள் தோளில் குழாய் இறங்கியது. கேன் நழுவி அவன் காலிலேயே விழுந்தது.

இரண்டு பேர். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். அவன் முதல் ஆளின் வயிற்றில் தலையால் முட்டி, அவனோடு சேர்ந்து வேலியில் விழுந்தான். கையில் அகப்பட்ட காதைப் பிடித்து முறுக்கினான். தோலில் பல் இறங்கும் வரை கடித்தான். வாயில் உப்புக் கரித்தது. இரண்டாவது ஆள் அவன் முதுகில் அடித்தான். பிறகு இடுப்பில். பிறகு தலையில். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. பக்கத்து வாசலில் ஒரு கேன் படுத்திருப்பது அந்தச் சிவப்புக்குள் தெரிந்தது. அவன் அதைத் தட்டாமல் உருண்டான். அடி வாங்கிக்கொண்டே, அதைத் தட்டாமல் உருண்டான்.

உருண்ட பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவனுக்கு உறைத்தது.

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூன்று வருடமாக இந்தத் தெருவில் அவன் தொண்டை ஒரு சத்தத்தையும் எழுப்பியதில்லை. குழாய் மறுபடியும் மேலே போனது. விரல்களைத் தலைக்கு மேல் வைத்தான். விரல் உடைகிற வலியோடு சேர்ந்துதான் அது வந்தது.

"நிலவா..."

மனிதக் குரல் மாதிரியே இல்லை. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அவன் நிறுத்தவில்லை. "நிலவா, டேய் நிலவா" என்று அடிவயிற்றிலிருந்து அலறினான்.

முதல் கதவு திறந்தது. அடுத்தது திறந்தது. லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வீங்கிய கண்களோடு ஆண்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. ஒருவர் கையில் பிள்ளையின் கிரிக்கெட் மட்டை. துண்டு கட்டியவர்கள் குழாயைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கடப்பாரைக்காரர் துரத்திக்கொண்டு போய், ஒருவனைத் தெருமுனையில் நின்ற தண்ணீர் வண்டியோடு சேர்த்துப் பிடித்து, முட்டியில் ஓங்கி ஓர் அடி போட்டார். அவன் போட்ட அலறலில் மிச்சக் கதவுகளும் திறந்தன. சாத்துங்கடா இவனை என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து சாத்தினார்கள்.

பால் காய்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அமிர்தம் ஒரு சேலைத் துணியைக் கொண்டுவந்து இளவழகனின் தலையில் அழுத்தினாள். கடப்பாரைக்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவனுக்கு எதிரே குந்தினார். அவர்தான் அமிர்தத்தின் கணவர். மூன்று வருடமாக இளவழகன் அந்த வீட்டுக்குத் தண்ணீர் போடுகிறான். அந்த மனிதனின் முகத்தை அன்றுதான் பார்த்தான்.

"ஏம்ப்பா" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "மொதல்லயே கூப்பிட வேண்டியதுதானே? நாங்க இத்தினி பேரு இங்கதானே இருக்கோம்?"

இளவழகன் அவரையே பார்த்தான். சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்தான். திரையில் ரத்தம் பட்டு விரல் வழுக்கியது. அமிர்தம் வாங்கி, அவன் சொன்ன பேரைத் தேடி அழுத்தி, அவன் காதில் வைத்தாள்.

சேத்தியாத்தோப்பில் ஆதிலட்சுமி எடுத்தாள்.

"நிலவன்கிட்டக் குடு" என்றான்.

"தூங்கறாரு மாமா."

"எழுப்பு. ஒரே ஒரு வார்த்தை."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், தாடை சரியாகக் கூடாதவன் விடுகிற மாதிரி, யாரோ வாயால் கனமாக மூச்சு விடுவது கேட்டது.

"ராத்திரியெல்லாம் வலி. இப்பத்தான் கண்ணசந்தாரு" என்றாள் அவள். "எழுப்ப மாட்டேன்."

"சரி" என்றான் இளவழகன். "அவன் எழுந்திருக்கற வரைக்கும் இப்படியே இருக்கேன். நீ வெச்சிடாத."

அவள் வைக்கவில்லை. தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து, கும்பலைப் பார்த்து நின்று, ஹாரன் அடித்தது. யாரோ அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கப் பார்த்தார்கள். அவன் உடைந்த கையை அசைத்து அவர்களை நிறுத்திவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து, அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.